ஸ்டெம் செல்லுக்கும் கேன்சருக்கும் என்ன உறவு? "எல்லாம் துரதிர்ஷ்டம்"னு வந்த செய்திக்குப் பின்னாடி இருக்கற கதை

2015 ஜனவரியில ஒரு செய்தி உலகம் பூரா ஓடுச்சு, "மூணுல ரெண்டு பங்கு கேன்சருக்குக் காரணம் வெறும் துரதிர்ஷ்டம்"னு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து கிறிஸ்டியன் டொமசெட்டியும் பெர்ட் வோகல்ஸ்டைனும் சயின்ஸ் இதழ்ல எழுதின ஒரு கட்டுரைதான் அதுக்கு மூலம். சிகரெட்டை விட மனசில்லாதவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஃபார்வர்டு அது, இன்னிக்கும் யாராவது அனுப்பிட்டுத்தான் இருக்காங்க. கட்டுரையைத் திறந்து பார்த்தா அது பேசறது ஸ்டெம் செல் வாழ்நாள்ல எத்தனை தடவை பிரியுதுங்கற கணக்கைப் பத்தி. இன்னொரு பக்கம் அதே ஸ்டெம் செல்லை முட்டி வலியில இருந்து ஆட்டிசம் வரைக்கும் எல்லாத்தையும் சரி பண்ணும்னு விளம்பரம் போட்டு விக்கறாங்க. நோய்க்கு வேரும் அதுதான் மருந்தும் அதுதான்னா படிக்கறவனுக்குத் தலை சுத்தத்தான் செய்யும். ரெண்டுக்கும் அடியில இருக்கறது ஒரே குணம், செல் தன்னைத்தானே புதுப்பிச்சுக்கறது. அதை மட்டும் சரியா பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வரிசைக்கு வந்துடும், அதனால அங்க இருந்தே போகலாம்.

விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும்

நம்ம உடம்புல பெரும்பாலான செல்கள் ஒரு வேலைக்குன்னு உருவாகி அந்த வேலையைப் பார்த்துட்டு செத்துப்போற செல்கள்தான். சிவப்பணு சுமார் 120 நாள் தாங்கும், குடலோட உள்பக்கத்தை மூடியிருக்கற செல்கள் நாலஞ்சு நாள்லயே உதிர்ந்துடும். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதால இன்னொரு சிவப்பணுவைப் பெத்துப் போட முடியாது, ஆனா ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி சிவப்பணு புதுசா வேணும். எலும்பு மஜ்ஜைக்குள்ள ரொம்பக் கொஞ்சமா இருக்கற ஒரு வகை செல்கள்ல இருந்து, பல படி இறங்கி இறங்கித்தான் அவ்வளவும் வருது. அதுதான் ரத்த ஸ்டெம் செல். ஸ்டெம் செல்னு பேர் வாங்கணும்னா ரெண்டு தகுதி வேணும்:

1. முதிர்ச்சி. அதோட வாரிசுகள் படிப்படியா மாறி சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுன்னு வேலை செய்யற செல்லா ஆகணும்.

2. சுயபுதுப்பிப்பு. பிரியும்போது தன்னை மாதிரியே இன்னொரு ஸ்டெம் செல்லை மிச்சம் வெக்கணும், இல்லன்னா ஒரு தலைமுறையில கையிருப்பு தீர்ந்துடும்.

அறுவடை முடிஞ்சதும் ஒரு பங்கை விதைக்குன்னு கோட்டை கட்டி வெச்சுட்டு மீதியைத்தான் சாப்பாட்டுக்கு எடுப்பாங்க இல்லையா, அதே கணக்குதான் இங்கயும். ஒரு ஸ்டெம் செல் ரெண்டா பிரிஞ்சா ஒண்ணு விதைநெல்லா நிக்கலாம் இன்னொண்ணு சாப்பாட்டு நெல்லா போகலாம், சில சமயம் ரெண்டுமே விதையா நிக்கும், சில சமயம் ரெண்டுமே வேலைக்குப் போயிடும். மொத்தத்துல பாதிக்குப் பாதி வந்தா உடம்பு சமநிலையில இருக்கும். எல்லாம் வேலைக்குப் போயிட்டா மஜ்ஜை காலியாயிடும். தலைகீழா எல்லாமே விதையாவே நிக்க ஆரம்பிச்சா? குதிர் ரொம்பி வழியும், ஆனா உலைல போட ஒரு படி இருக்காது. தீவிர ரத்தப் புற்றுநோய்ல நடக்கறது அச்சு அசல் இதுதான், மஜ்ஜை முழுக்க முதிராத செல்கள் அடைச்சுக்கிட்டு இருக்கும், ஆனா நோயாளிக்கு ரத்தசோகை, தொற்று, ரத்தக்கசிவு. செல் ஏராளமா இருக்கு, வேலை செய்யற செல் இல்ல.

இப்படி ஒரு செல் இருக்குன்னு முதல்ல நிரூபிச்சது கனடாவுல டொரோண்டோ நகரத்துல, ஜேம்ஸ் டில்ங்கற இயற்பியலாளரும் எர்னஸ்ட் மெக்கல்லாக்ங்கற டாக்டரும் சேர்ந்து 1961-ல. அவங்க பார்க்க வந்தது வேற, ரேடியேஷன் மஜ்ஜை செல்களை எவ்வளவு பாதிக்குதுன்னு அளக்கத்தான் ஆரம்பிச்சாங்க. எலிகளுக்கு ரேடியேஷன் குடுத்து சொந்த மஜ்ஜையை அழிச்சுட்டு வேற எலியோட மஜ்ஜையை ஊசி மூலமா ஏத்தினாங்க, கொஞ்ச நாள் கழிச்சு அறுத்துப் பார்த்தா மண்ணீரல் மேல சின்னச் சின்ன முடிச்சு. ஏத்தின செல் எண்ணிக்கை ஏற ஏற முடிச்சும் அதே விகிதத்துல ஏறுச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லோட வாரிசுன்னு 1963-ல காட்டினாங்க, அந்த முடிச்சைக் கரைச்சு இன்னொரு எலிக்கு ஏத்தினா அங்கயும் முடிச்சு வருதுன்னும் அதே வருஷம் காட்டினாங்க. சுயபுதுப்பிப்புங்கறது ஒரு கருத்தா இல்லாம எண்ணிப் பார்க்கற விஷயமா ஆனது அப்பத்தான்.

வேகமா பிரியற செல்தான் ஆபத்தா?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. கேன்சர்னா செல் தாறுமாறா வேகமா பிரியறதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். குடல்ல பார்த்தா ஸ்டெம் செல்லை விட அதோட அடுத்த தலைமுறை செல்கள்தான் வேகமா பிரியுது, அதைப் பார்த்து யாரும் பயப்படறது இல்ல, ஏன்னா அதுங்க நாலு நாள்ல குடலுக்குள்ள உதிர்ந்து மலத்தோட போயிடும். டிஎன்ஏவைக் காப்பி எடுக்கும்போது வந்த பிழையும் கூடவே போயிடும். ரத்த ஸ்டெம் செல் அதுக்கு நேர் எதிர், பெரும்பாலான நேரம் தூங்கிட்டு இருக்கும், எப்பயாவதுதான் பிரியும், ஆனா எழுபது எண்பது வருஷம் அந்த இடத்தை விட்டுப் போகாது. தாய்ப் பத்திரத்துல சர்வே நம்பர் தப்பா விழுந்துட்டா அதுல இருந்து எடுக்கற அத்தனை நகலும் தப்பு, ஏதோ ஒரு ஜெராக்ஸ்ல மசி பரவுனா அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எடுத்துக்கலாம். அதனால ஒரு செல் எவ்வளவு வேகமா பிரியுதுங்கறதை விட எவ்வளவு நாள் தங்குதுங்கறது பெரிய கேள்வி.

ஏன் தங்கணும்? பெரும்பாலான கேன்சருக்கு ஒரு மியூட்டேஷன் (டிஎன்ஏவுல விழுந்து நிலைச்சுப்போற மாற்றம்) போதாது, ஒண்ணு மேல ஒண்ணா பல சேரணும், அதுக்கு வருஷக்கணக்குல ஆகும். பீட்டர் நோவெல் 1976-லயே இதை எழுதிட்டார், ஒரு செல்லுக்கு ஒரு மாற்றம் வந்து அதோட வம்சம் பெருகும், அந்த வம்சத்துல ஒண்ணுக்கு அடுத்த மாற்றம் வரும், இப்படியே படியேறும்னு. அடுத்த மாற்றம் வர்ற வரைக்கும் முதல் மாற்றம் உடம்புக்குள்ள இருந்தாகணும் இல்லையா. இருக்கறதுக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு அந்த மாற்றம் ஏற்கெனவே தங்கற குணம் உள்ள ஸ்டெம் செல்லுல விழணும், இல்லன்னா விழுந்த மாற்றமே தங்கற குணத்தைக் குடுக்கணும்.

முதல் வழிக்குச் சுத்தமான சாட்சி பெருங்குடல்லயும் சிறுகுடல்லயும் கிடைச்சுது. நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2007-ல எலிக் குடலோட ஸ்டெம் செல்லுக்கு எல்ஜிஆர்5-னு ஒரு அடையாளம் கண்டுபிடிச்சாங்க. 2009-ல அடுத்த வேலை, ஏபிசிங்கற மரபணுவை எலிகள்ல வேணும்ங்கற செல்லுல மட்டும் அழிச்சாங்க (மனுஷங்க பெருங்குடல் கேன்சர்ல பெரும்பாலானதுல முதல்ல கெடறது இந்த ஏபிசிதான், ஸ்டெம் செல்லைப் "பிரியாம இரு, முதிர்ந்து போ"ன்னு அடக்கி வெக்கற வேலை அதுக்கு). ஸ்டெம் செல்லுல அழிச்சா சில வாரத்துலயே பெரிய கட்டி. அடுத்த தலைமுறை செல்லுல அதே மரபணுவை அழிச்சா சின்னதா ஏதோ ஆரம்பிச்சு அங்கயே நின்னுடுது. ஒரே பிழை, ஒரே குடல், விழுந்த இடம் மட்டும் வேற.

உடம்பு போட்டு வெச்சிருக்கற பிரேக்

இவ்வளவு ஆபத்தான குணத்தை உடம்பு சும்மா விட்டு வெக்குமா. சாதாரண செல்லுக்கு ஒரு எல்லை இருக்கு, லெனார்ட் ஹேஃப்ளிக் 1961-ல காட்டினது, ஆய்வகத் தட்டுல வளர்க்கற மனுஷச் செல் ஒரு 40 – 60 தடவை இரட்டிப்பாகி நின்னுடும். காரணம் குரோமோசோம் நுனியில இருக்கற டெலோமியர், ஒவ்வொரு பிரிவுலயும் கொஞ்சம் தேயும். ஸ்டெம் செல்லுக்கு அதைத் திரும்ப நீட்டற டெலோமரேஸ்ங்கற என்சைம் கொஞ்சம் உண்டு. கேன்சர்கள்ல 85 – 90 சதவீதம் இதே என்சைமை முழுசா திறந்து விட்டிருக்கு, அதாவது ஸ்டெம் செல்லோட சாவியைக் களவாடிக்கிட்டு போயிருக்கு.

இன்னும் ரெண்டு பிரேக் முக்கியம், பி53, பி16-ங்கற மரபணுக்கள். டிஎன்ஏ அடிபட்டா பி53 செல்லை நிறுத்தும் இல்ல சாகடிக்கும். பி16 வயசாக வயசாக ஸ்டெம் செல்கள்ல கூடிக்கிட்டே போய் புதுப்பிச்சுக்கறதைக் குறைக்கும். அப்ப இந்த பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிச்சா கேன்சரே வராதேன்னு தோணும். 2002-ல அமெரிக்காவுல ஒரு குழு தற்செயலா அப்படி ஒரு எலியை உண்டாக்கிட்டாங்க, பி53 வழக்கத்தை விட அதிகமா வேலை செய்யற எலி. கட்டி வர்றது நல்லாவே குறைஞ்சுது, ஆனா எலி சீக்கிரமே கிழமாகி, எலும்பு தேஞ்சு, முதுகு வளைஞ்சு, ஆயுசு முடியறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. 2006-ல பி16 இல்லாத எலிகளை வெச்சு மூணு குழு தனித்தனியா மறுபக்கத்தைக் காட்டினாங்க, ரத்தம், மூளை, கணையம் மூணுலயும் வயசான எலியோட செல் புதுப்பிக்கற திறன் நல்லா இருந்துச்சு. ஆனா பி16-ஐ இழந்த எலிக்குக் கட்டி வர்ற வாய்ப்பு கூடும்ங்கறது அதுக்கு முன்னாடியே தெரிஞ்ச சங்கதி. என்னைக் கேட்டா இந்த ஆராய்ச்சிகள் சொல்றது கொஞ்சம் சங்கடமான உண்மை. முதுமையும் கேன்சரும் ஒரே தராசோட ரெண்டு தட்டு, ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு இறங்குது. "இளமையைத் திருப்பித் தரும் ஸ்டெம் செல்"னு விளம்பரம் பார்க்கும்போது இந்த எலிகளை ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

65 சதவீதம்னா எதுல 65 சதவீதம்?

இப்ப பழைய செய்திக்கு வருவோம். டொமசெட்டியும் வோகல்ஸ்டைனும் 31 வகை கேன்சரை எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு திசுவுலயும் மனுஷ ஆயுசுல மொத்தம் எத்தனை ஸ்டெம் செல் பிரிவு நடக்குதுன்னு ஒரு பக்கம், அந்தத் திசுவுல ஆயுசுல கேன்சர் வர்ற வாய்ப்பு எவ்வளவுன்னு மறுபக்கம். ரெண்டும் நல்லாவே ஒத்துப்போச்சு, ஒட்டுறவு எண் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குதுங்கற அளவு, முழுசா ஒத்துப்போனா 1) 0.81. பெருங்குடல்ல ஸ்டெம் செல் பிரிவு அதிகம், கேன்சரும் அதிகம், சிறுகுடல்ல ரெண்டும் கம்மி. 0.81-ஐ அதாலயே பெருக்கினா சுமார் 0.65 வரும், அதுதான் அந்த 65 சதவீதம், அதைத்தான் பத்திரிகைங்க "மூணுல ரெண்டு பங்கு"ன்னு போட்டாங்க.

ஆனா அது திசுவுக்குத் திசு இருக்கற வித்தியாசத்துல 65 சதவீதத்தை இந்தக் கணக்கு விளக்குதுன்னு அர்த்தம். நோயாளிகள்ல 65 சதவீதம் பேருக்கு விதி சதி பண்ணிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. ரெண்டும் எப்படி வேறன்னு ஒரு கற்பனைக் கணக்குல பார்க்கலாம். முப்பது ஊர்ல ஓடற வண்டி எண்ணிக்கையையும் அங்க நடக்கற விபத்து எண்ணிக்கையையும் வரைபடம் போடுங்க, வண்டி கூடின ஊர்ல விபத்தும் கூட இருக்கும், ஒட்டுறவு பிரமாதமா வரும். இப்ப முப்பது ஊர்லயும் எல்லா டிரைவரும் குடிச்சுட்டு ஓட்ட ஆரம்பிச்சு விபத்து எல்லா இடத்துலயும் மூணு மடங்கு ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. ஒட்டுறவு எண் துளிகூட மாறாது! வண்டி எண்ணிக்கைதான் 65 சதவீதம் விளக்குதுன்னு அப்பவும் அதே எண் வரும், மூணுல ரெண்டு பங்கு விபத்து குடியால நடந்ததுங்கறது அந்த எண்ணுல தெரியவே தெரியாது.

ஆய்வாளர்களே 31-ல 9 வகைல ஸ்டெம் செல் கணக்குக்கு மேல வேற காரணம் கூடுதலா வேலை பார்க்குதுன்னு பிரிச்சுத்தான் எழுதியிருந்தாங்க, புகை பிடிக்கறவங்க நுரையீரல் கேன்சர் அதுல ஒண்ணு. மார்பகமும் புராஸ்டேட்டும் பட்டியல்லயே இல்ல, அங்க ஸ்டெம் செல் எண்ணிக்கைக்கு நம்பகமான கணக்கு கைல இல்லாததால விட்டுட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு அதே மாசம் அந்த முடிவோட உடன்பாடு இல்லன்னு வெளிப்படையா அறிக்கை விட்டுச்சு. 2016-ல யூசுஃப் ஹன்னுன் குழு நேச்சர் இதழ்ல வேற மாதிரி கணக்குப் போட்டு 70 – 90 சதவீத ஆபத்து வெளிக் காரணங்களால்னு எழுதினாங்க. ஜப்பான்ல இருந்து ஹவாய்க்குக் குடிபோனவங்க சந்ததிக்கு இரைப்பை கேன்சர் குறைஞ்சு பெருங்குடல் கேன்சர் கூடினது ரொம்ப நாளா தெரிஞ்ச சங்கதி, கடல் தாண்டினதால யாரோட ஸ்டெம் செல் எண்ணிக்கையும் மாறிடாது. 30 முதல் 50 சதவீத கேன்சரைத் தடுக்க முடியும்ங்கறதுதான் உலக சுகாதார நிறுவனம் இப்பவும் சொல்றது.

அப்ப 2015 கட்டுரை குப்பையா? இல்லவே இல்ல. ஸ்டெம் செல் பிரிவு ஒரு அடித்தளம், புகையும் வைரஸும் உணவும் அது மேல ஏறி நிக்கற பெருக்கல். ரெண்டையும் கூட்டி நூறு ஆக்கணும்னு நினைச்சதுதான் தலைப்பு போட்டவங்க பண்ண தப்பு.

நோய் வர்றதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரியுது

2014-ல ஆயிரக்கணக்கான பேரோட ரத்தத்துல டிஎன்ஏ படிச்ச ரெண்டு ஆய்வுக் கட்டுரை ஒண்ணா வந்துச்சு. எந்த நோயும் இல்லாதவங்கதான், ஆனா 70 வயசு தாண்டினவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேல, அவங்க ரத்தத்தோட கணிசமான பகுதி மியூட்டேஷன் வந்த ஒரே ஸ்டெம் செல்லோட வம்சமா இருந்துச்சு. இதுல அதிகமா கெட்டுப்போன மரபணுக்கள் டிஎன்எம்டி3ஏ, டெட்2. இந்த ரெண்டும் கெட்டா என்ன ஆகும்னு எலிகள்ல பார்த்தாச்சு, ஸ்டெம் செல் முதிர்ச்சிப் பக்கம் போகாம தன்னையே புதுப்பிச்சுக்கற பக்கம் சாயும். பத்துக்கு ஆறு விதைக்கு ஒதுக்கற வீடு பத்துக்கு அஞ்சு ஒதுக்கற வீட்டை அம்பது வருஷத்துல ஓரங்கட்டிடும், அவ்வளவுதான்.

இது இருந்தா உடனே ரத்தப் புற்றுநோய்னு பயந்துடக் கூடாது, வருஷத்துக்கு 0.5 – 1 சதவீதம் பேருக்குத்தான் அது நோயா மாறுது. மாரடைப்பு ஆபத்தும் கூடுதுங்கறதுதான் யாரும் எதிர்பார்க்காதது, இந்த வம்சத்து வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ல அழற்சியைக் கிளப்பி விடுது. இன்னொரு ஆச்சரியம், 115 வயசு வரைக்கும் வாழ்ந்த ஒரு நெதர்லாந்துப் பாட்டியோட ரத்தத்தைப் பார்த்ததுல வெள்ளையணுக்கள்ல மூணுல ரெண்டு பங்கு வெறும் ரெண்டு ஸ்டெம் செல்லோட வாரிசா இருந்துச்சு, ரத்தப் புற்றுநோய் ஒண்ணும் இல்லாமலே.

களவு போன சுயபுதுப்பிப்பு

ரெண்டாவது வழியை இன்னும் பார்க்கல. கேன்சர் ஸ்டெம் செல்லுல இருந்துதான் கிளம்பணும்னு கட்டாயம் இல்ல, புதுப்பிச்சுக்கற குணத்தை இழந்துட்ட ஒரு செல்லுக்கு அதைத் திருப்பிக் குடுத்துட்டாலும் போதும். 2006-ல பாதி முதிர்ந்த எலி ரத்தச் செல்லுக்குள்ள எம்எல்எல்-ஏஎஃப்9-னு ஒரு ஒட்டு மரபணுவை (ரெண்டு மரபணு ஒட்டிக்கிட்டு உண்டானது) வெச்சுப் பார்த்தாங்க, அந்தச் செல் ஸ்டெம் செல்லா மாறல, பாதி முதிர்ந்த கோலத்துலயே இருந்துக்கிட்டு சுயபுதுப்பிப்பு மரபணுக்களை மட்டும் திரும்ப எழுப்பிவிட்டு ரத்தப் புற்றுநோயை உண்டாக்குச்சு. எல்லா கேன்சர் மரபணுவாலயும் இது முடியாது. பிசிஆர்-ஏபிஎல்னு ஒண்ணு இருக்கு, நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமானது, அதுக்குப் பிரிய வெக்கத் தெரியும், புதுப்பிக்கற குணத்தைக் குடுக்கத் தெரியாது, அதனால அது ஸ்டெம் செல்லுலதான் விழுந்தாகணும்.

மனுஷங்ககிட்ட இதோட விலை தெரிஞ்சது பாரிஸ்ல. பிறவியிலயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைகளுக்கு அலைன் ஃபிஷர் குழு அவங்க சொந்த மஜ்ஜை ஸ்டெம் செல்லை எடுத்து, வைரஸ் மூலமா சரியான மரபணுவை உள்ள வெச்சு, திரும்ப ஏத்தினாங்க. 2000-ல வெற்றிச் செய்தி வந்துச்சு, குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி உண்மையாவே திரும்புச்சு. ரெண்டு மூணு வருஷத்துல சிலருக்கு ரத்தப் புற்றுநோய். இதே சிகிச்சை குடுத்த பாரிஸ், லண்டன் ரெண்டு இடத்துலயும் சேர்த்து 20 குழந்தைகள்ல 5 பேருக்கு வந்து ஒருத்தர் இறந்துட்டார். வைரஸ் போய் உட்கார்ந்த இடம் பெரும்பாலும் எல்எம்ஓ2-ங்கற மரபணுவுக்குப் பக்கம், அது விழிச்சுக்கிச்சு. எல்எம்ஓ2 விழிச்சா டி-செல் ஆகப் போற செல் முதிராம தன்னையே புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும்னு 2010-ல எலிகள்ல காட்டினாங்க.

கோரையும் கிழங்கும்

"கேன்சர் ஸ்டெம் செல்"ங்கற வார்த்தைதான் இருக்கறதுலயே பெரிய குழப்பவாதி. ஸ்டெம் செல் கேன்சரா மாறினதுன்னு நினைச்சுக்கறாங்க. அது சொல்ல வர்றது ஒரு கட்டிக்குள்ளயும் படிநிலை இருக்கு, கட்டியைத் திரும்ப உண்டாக்கற திறன் எல்லா செல்லுக்கும் இல்ல, கொஞ்சத்துக்குத்தான் இருக்குங்கறது. வயல்ல கோரையை மேல அறுத்தா பத்து நாள்ல திரும்ப முளைக்கும், மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கற வரைக்கும். கட்டி சுருங்கிடுச்சுன்னு ஸ்கேன்ல பார்த்து சந்தோஷப்பட்டு ஒரு வருஷத்துல திரும்ப வந்துடற கேன்சரை விளக்க இந்தக் கருத்து வசதியா இருந்துச்சு.

டொரோண்டோவுலயே ஜான் டிக் 1997-ல இதை ரத்தப் புற்றுநோய்ல காட்டினார், நோயாளியோட செல்களைப் பிரிச்சு எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்கு ஏத்தினா ஒரு சின்னப் பிரிவு மட்டும்தான் நோயை உண்டாக்குச்சு. 2003-ல மைக்கேல் கிளார்க் குழு மார்பகக் கேன்சர்ல, சரியான அடையாளம் உள்ள 100 செல்லே கட்டிக்குப் போதும், மத்ததுல ஆயிரக்கணக்குல ஏத்தினாலும் வரலன்னு. அதுக்கப்புறம் எல்லா கேன்சர்லயும் ஆளுக்கொரு ஸ்டெம் செல் கண்டுபிடிச்சதா கட்டுரை குவிஞ்சுது. அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் அளந்துதான் எடுத்துக்கணும், மூணு காரணம்:

1. சோதனையே முடிவை மாத்துது. மெலனோமாங்கற தோல் கேன்சர்ல லட்சத்துல ஒரு செல்லுக்கும் கம்மியாத்தான் கட்டி உண்டாக்கும்னு நம்பிட்டு இருந்தாங்க. ஷான் மாரிசன் குழு 2008-ல இன்னும் எதிர்ப்பு சக்தி குறைஞ்ச எலியைப் பயன்படுத்தினதும் நாலு செல்லுக்கு ஒண்ணு கட்டி போட்டுச்சு. கிழங்கு அரிதா இருக்குன்னு நினைச்சது பழைய எலி மத்ததை எல்லாம் கொன்னதால.

2. கிழங்கு திரும்ப உருவாகும். 2017-ல குடல் கேன்சர் வந்த எலிகள்ல எல்ஜிஆர்5 செல்களை மட்டும் குறிவெச்சு அழிச்சாங்க, கட்டி வளர்றது நின்னுச்சு, ஆனா சுருங்கல. அழிக்கறதை நிறுத்தினதும் மத்த செல்கள் பின்னோக்கி மாறி புது எல்ஜிஆர்5 செல்லை உண்டாக்கி வளர்ச்சியைத் தொடர்ந்துச்சு. கல்லீரலுக்குப் பரவறதுக்கு மட்டும் அந்தச் செல் கட்டாயம் தேவைப்பட்டுச்சு.

3. படிநிலை இருக்குங்கறதே பொய்னும் சொல்ல முடியாது. 2012-ல வேற எலிக்கு மாத்தி ஏத்தாமலே, அதே எலிக்குள்ள வளர்ற கட்டியில செல்களுக்கு நிறம் குடுத்து வம்சம் பார்த்த ஆய்வுகள் குடல்லயும் தோல்லயும் படிநிலையைக் காட்டுச்சு, மூளைக்கட்டியில கீமோவுக்கு அப்புறம் திரும்ப வளர்றது தூங்கிட்டு இருந்த ஒரு சின்னக் கூட்டத்துல இருந்துன்னும் காட்டுச்சு.

ஆக கேன்சருக்குக் கேன்சர் வேறுபடும். ரத்தப் புற்றுநோய்ல இந்தக் கருத்து நல்லா நிக்குது, மெலனோமாவுல தள்ளாடுது.

சிகிச்சையில இது எங்க இடிக்குது

பிசிஆர்-ஏபிஎல் வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை 2001-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, ஒரு கொல்ற நோயை தினம் மாத்திரை போட்டு சமாளிக்கற நோயா மாத்தின மருந்து. (கிளிவெக்ங்கற பேர்ல நோவார்டிஸ் கேட்ட இந்தியக் காப்புரிமையை முதல்ல நிராகரிச்சது சென்னை காப்புரிமை அலுவலகம், 2006-ல. 2013-ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. விலை குறைஞ்ச ஜெனரிக் இங்க தொடர்ந்து கிடைக்கறதுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம்.) ஆனா மாத்திரை முதிர்ற செல்களைத்தான் நல்லா கொல்லுது, தூங்கற ஸ்டெம் செல் தப்பிச்சுக்குது, அது உயிர் வாழ பிசிஆர்-ஏபிஎல்லை நம்பியே இல்ல. ஃபிரான்ஸ்ல ரெண்டு வருஷத்துக்கு மேல பரிசோதனையில நோய் தடயமே தெரியாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தாங்க, 2010-ல முடிவு வந்துச்சு, சுமார் 60 சதவீதம் பேருக்கு நோய் திரும்புச்சு, பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துக்குள்ள. திரும்ப மாத்திரை ஆரம்பிச்சதும் கட்டுக்குள்ள வந்துடுச்சு. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, ஏன் டாக்டர் நிறுத்த விட மாட்டேங்கறார்"ங்கறவங்களுக்கு விளக்கம் இதுதான்.

இன்னொரு நோய்ல கதை வேற மாதிரி முடிஞ்சுது. புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோய்ல ஒரு ஒட்டுப் புரதம் செல்லை முதிர விடாம பூட்டி வெக்கும். ஷாங்காய்ல வாங் ஷென்யி 1985-ல செல்லைக் கொல்றதுக்குப் பதிலா முதிர வெச்சுப் பார்க்கலாம்னு வைட்டமின் ஏவோட சொந்தக்காரனான ஏட்ராங்கற மருந்தை ஒரு அஞ்சு வயசுக் குழந்தைக்குக் குடுத்தார், குழந்தை பிழைச்சுக்கிச்சு. ஆனா ஏட்ராவை மட்டும் குடுத்தா செல்கள் முதிரும், நோய் கொஞ்ச நாள்ல திரும்பிடும். சீனாவுலயே ஹார்பின் நகரத்துல இருந்து வந்தது ஆர்செனிக், நம்ம சித்த வைத்தியத்துல பாஷாணம்னு சொல்றோமே அந்த வகையறா. வேலூர் சிஎம்சி 2006-ல 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக் மட்டுமே குடுத்த அனுபவத்தை வெளியிட்டாங்க, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு, விலை உயர்ந்த மருந்து வாங்க முடியாத நாட்டுக்கு அது பெரிய விஷயம். 2013-ல ஏட்ராவும் ஆர்செனிக்கும் சேர்த்து, கீமோ இல்லாமலே, ஆபத்து குறைஞ்ச வகை நோயாளிகள்ல 97 சதவீதம் பேர் ரெண்டு வருஷம் நோய் திரும்பாம இருந்தாங்க.

ஏன் ரெண்டும் சேரணும்னு எலி ஆய்வுகள் சொல்ற பதில்தான் எனக்கு இந்தத் துறையிலயே பிடிச்ச பதில். முதிர வெக்கறது வேற, புதுப்பிச்சுக்கற குணத்தை அழிக்கறது வேற. ஏட்ரா பூட்டைத் திறந்து முதிர விடுது. ரெண்டும் சேர்ந்தா அந்த ஒட்டுப் புரதமே சிதைஞ்சு போயிடுது, அப்பத்தான் புதுப்பிச்சுக்கற செல்லும் தீருது. சாப்பாட்டு நெல்லை மட்டும் காலி பண்றதுக்கும் விதைக்கோட்டையைப் பிரிச்சுக் கொட்டறதுக்கும் இருக்கற வித்தியாசம்.

அப்ப ஸ்டெம் செல் சிகிச்சை?

இதே தராசு அங்கயும் இருக்கு. ஷின்யா யமனாக்கா 2006-ல சாதாரணத் தோல் செல்லை நாலு மரபணு போட்டு ஸ்டெம் செல்லா திருப்பினார், 2012-ல நோபல். அந்த நாலுல ஒண்ணு சி-மிக், பேர் போன கேன்சர் மரபணு. 2007-ல அந்தச் செல்கள்ல இருந்து உண்டாக்கின எலிகள்ல ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு சி-மிக் திரும்ப விழிச்சு கட்டி வந்துச்சு. பி53-ஐ முடக்கினா இந்த மாற்றம் இன்னும் சுலபமா நடக்கும்னு 2009-ல ஒரே சமயத்துல பல குழுக்கள் காட்டினாங்க. செல்லை இளமையாக்கற வழியும் கேன்சராக்கற வழியும் பாதி தூரம் ஒரே ரோடு. அதனாலதான் ஜப்பான்ல மசாயோ தகஹாஷி 2014-ல முதல் நோயாளியோட கண்ணுல இந்த வகை செல் விரிப்பை வெச்சதுக்கு அப்புறம், ரெண்டாவது நோயாளிக்குத் தயார் பண்ண செல்கள்ல மியூட்டேஷன் தெரிஞ்சதும் அறுவை சிகிச்சையையே நிறுத்திட்டாங்க. அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாங்க.

ஜாக்கிரதை இல்லாத பக்கம் என்ன ஆகும்ங்கறதுக்கும் பதிவு இருக்கு. பிறவி நரம்பு நோய் உள்ள ஒரு இஸ்ரேலியச் சிறுவனை 2001-ல இருந்து சில தடவை மாஸ்கோ கூட்டிப்போய் கருவுல இருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்லை மூளையிலயும் தண்டுவடத்துலயும் ஏத்தினாங்க. நாலு வருஷத்துல மூளையில கட்டி. அதை ஆராய்ஞ்சு 2009-ல வெளியிட்டாங்க, கட்டியில இருந்த செல்கள் அவனோடது இல்ல, தானம் குடுத்த கருக்களோடது.

இந்தியாவுல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்படி வழக்கமான சிகிச்சையா அனுமதி இருக்கறது ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு மட்டும்தான், அதுவும் பட்டியல்ல இருக்கற ரத்தம், எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட நோய்களுக்கு. முட்டி, முதுகு, ஆட்டிசம், சர்க்கரைன்னு மத்த எதுக்குக் குடுத்தாலும் அது அனுமதி வாங்கின மருத்துவப் பரிசோதனைக்குள்ள மட்டும்தான் நடக்கணும். அப்படி ஒரு பரிசோதனை நடக்குதுன்னா அதுக்கு சிடிஆர்ஐங்கற தேசியப் பதிவேட்டுல ஒரு எண் இருக்கும், விளம்பரத்துல அந்த எண் இல்லன்னா ஆஸ்பத்திரியிலயே கேட்டு வாங்கி இணையத்துல தேடிப் பார்த்துக்கலாம், இலவசம்தான்.